தாமதமே காவல்

கணினியின் வரலாறு என்றாலே வேகத்தின் வரலாறுதான். ஆனால் அந்தத் துறையின் ஒரு மூலையில் மட்டும், ஒரு கணக்கை எப்படி மெதுவாக்குவது என்று நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். மனிதர் மனப்பாடமாக வைத்திருக்கும் கடவுச்சொல்லைக் குறியாக்கத்துக்கு ஏற்ற சாவியாக மாற்றும் வேலை அது. குறியாக்கம் கற்கத் தொடங்கும் எவருக்கும் முதல் வாரத்திலேயே ஒரு கேள்வி எழும். ஏ.இ.எஸ். என்ற குறியாக்க முறைக்குக் குறைந்தது 128 பிட் சாவி வேண்டும். கையில் இருப்பதோ எட்டெழுத்துக் கடவுச்சொல். அதை, எதையும் குறித்த நீளமுள்ள பிட் தொடராக உருமாற்றும் ஒரு ஹேஷ் சார்பில் ஒருமுறை போட்டு எடுத்தால் வேண்டிய நீளத்துக்குச் சாவி கிடைத்துவிடுமே, அது போதாதா? போதாது. நீளம் வரும், பலம் வராது. 128 பிட் சாவிகள் எத்தனை உண்டு என்று எழுதினால் அது 39 இலக்க எண். ஆங்கிலச் சிற்றெழுத்துகள் எட்டை எப்படிக் கோத்தாலும் கிடைப்பது ஏறக்குறைய 20,900 கோடிதான். திருட வருகிறவன் சாவிகளைத் தேடமாட்டான், சொற்களைத் தேடுவான். நொடிக்கு 100 கோடி ஊகங்களைச் சோதிக்கும் இயந்திரம் அந்த 20,900 கோடியையும் மூன்றரை நிமிடத்தில் முடித்துவிடும். இந்த இடைவெளியை அடைக்கத் தாமதத்தையே ஆயுதமாக்கினார்கள். பிறகு அந்தத் தாமதத்தின் அளவை ஓர் எண்ணாக எழுதிவைத்துவிட்டு மறந்துபோனார்கள். இந்த வரலாற்றில் காவல் உடைந்த இடங்களைப் பார்த்தால், கணிதம் பிழைபட்டதைவிட எழுதிவைத்த எண் பழசாகிப்போனதுதான் அதிகம்.

தொடக்கத்தில் இந்தக் கவலையே இல்லை. பலர் ஒரே கணினியை நேரம் பகிர்ந்து பயன்படுத்துவதற்காக எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு உருவாக்கிய சி.டி.எஸ்.எஸ். அமைப்பு, 1961-ல் முதன்முதலாகச் செய்துகாட்டப்பட்டது. ஒருவர் கோப்பை இன்னொருவர் தொடாமலிருக்க அதில் கடவுச்சொல் வைத்தார்கள். எல்லாருடைய கடவுச்சொற்களும் ஒரே கோப்பில், உள்ளது உள்ளபடியே கிடந்தன. 1962-ல் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், தமக்கு ஒதுக்கிய கணினி நேரம் போதாமல், அந்தக் கோப்பையே அச்சிடச் சொல்லி வாங்கிக்கொண்டார். 1966-ல் இன்னும் வேடிக்கை. இரண்டு நிர்வாகிகள் ஒரே சமயத்தில் இரு கோப்புகளைத் திருத்த, தற்காலிகக் கோப்புகள் இடம் மாறிப்போய், உள்ளே நுழைந்த ஒவ்வொருவருக்கும் அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக எல்லாருடைய கடவுச்சொற்களும் தெரிந்தன. கேம்பிரிட்ஜின் டைட்டன் கணினியில் ரோஜர் நீடம் இதற்கு வழி கண்டார். கடவுச்சொல்லை அப்படியே வைக்காமல், திரும்பப் பெற முடியாதபடி உருமாற்றி, அந்த உருவை மட்டும் வைப்பது. பயனர் சொல்லைத் தட்டும்போது அதையும் அதேபோல் உருமாற்றி ஒப்பிட்டால் போதும். மாரிஸ் வில்க்ஸ் 1968-ல் வெளியிட்ட நூலில் இந்த முறையை விவரித்தார். கோப்பு களவுபோனாலும் கடவுச்சொல் களவுபோகாது என்ற நம்பிக்கை அப்போது பிறந்தது.

அந்த நம்பிக்கையைக் கணக்குப் போட்டுக் குலைத்தவர்கள் பெல் ஆய்வகத்தின் ராபர்ட் மாரிசும் கென் தாம்ப்சனும். அவர்கள் 1979-ல் வெளியிட்ட கட்டுரைதான் இத்துறையின் மூலநூல் மாதிரி. யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் கடவுச்சொல் உருமாற்று நிரல், எம்-209 என்ற அமெரிக்க ராணுவக் குறியாக்கக் கருவியைப் போலச் செய்தது. திரும்பப் பெற முடியாத முறைதான், ஆனால் வேகமானது. அன்றைய பி.டி.பி.-11/70 கணினியில் ஓர் ஊகத்தைச் சோதிக்க 1.25 மில்லிநொடி போதும். அப்படியானால் ஐந்து சிற்றெழுத்துகள் கொண்ட எல்லாச் சொற்களையும் நான்கு மணி நேரத்தில் முயன்று முடிக்கலாம், ஆறு எழுத்தென்றால் 107 மணி நேரம். உருமாற்றத்தைத் தலைகீழாக்கவே வேண்டாம், முன்னோக்கிப் போட்டுப் பார்த்துக்கொண்டே போனால் போதும் என்பதுதான் அவர்கள் கண்ட உண்மை. அதோடு பயனர்களின் 3,289 கடவுச்சொற்களைத் திரட்டிப் பார்த்தார்கள். 15 பேர் ஒற்றை எழுத்தையே கடவுச்சொல்லாக வைத்திருந்தார்கள். 72 பேர் இரண்டெழுத்து. 464 பேர் மூன்றெழுத்து. 492 சொற்கள் அகராதி போன்ற பட்டியல்களிலேயே இருந்தன. இன்னும் சில எளிய வகைகளையும் சேர்த்து, ஆகக்கூடி 2,831, அதாவது 86 விழுக்காடு, எளிதில் அகப்படும் வகை.

அவர்கள் கொடுத்த மருந்து இரண்டு. முதலாவது, அப்போது புதிதாக வந்திருந்த டி.இ.எஸ். என்ற குறியாக்க முறையில் கடவுச்சொல்லையே சாவியாக்கி, வெறும் சுழிகளாலான ஒரு துண்டை ஒருமுறை அல்ல, அடுத்தடுத்து 25 முறை குறியாக்கம் செய்வது. இரண்டாவது, சால்ட் எனப்படும் 12 பிட் எண். இது ஆளுக்கு ஆள் மாறும், ஒளித்துவைக்கத் தேவையில்லை. ஒரே கடவுச்சொல்லை இருவர் வைத்திருந்தாலும் சேமித்த உரு 4,096 விதங்களில் ஒன்றாக வேறுபடும். முன்கூட்டியே ஓர் அட்டவணை போட்டுவைத்து எல்லாரையும் ஒரே வீச்சில் பிடிக்கும் வழி இதனால் அடைபட்டது. அந்தச் சால்ட், டி.இ.எஸ்ஸின் உள்ளமைப்பிலேயே சிறு மாற்றத்தைச் செய்ததால், கடையில் விற்ற டி.இ.எஸ். சில்லுகளும் திருடனுக்கு உதவவில்லை. இந்தத் தாமதம் ஒரு சுங்கச்சாவடி போல: வீட்டுக்காரர் நாளுக்கு ஒருமுறை கட்டணம் செலுத்திப் போய்விடுவார், கோடி முறை கடக்க வேண்டிய திருடன் கோடி முறை கட்டவேண்டும். பிற்காலத்தில் வந்த எல்லாமே இந்த ஒரு யோசனையின் விரிவு. நுணுக்கம் அத்தனையும் இருந்தும், 25 என்ற எண் மட்டும் நிரலுக்குள் அசையாமல் பொறிக்கப்பட்டிருந்தது. கணினிகள் அதற்காகக் காத்திருக்கவில்லை.

1988 நவம்பர் 2 அன்று இணையத்தில் பரவிய புழுநிரல், தன்னோடு ஒரு சிறு சொற்பட்டியலைச் சுமந்துகொண்டு, புகுந்த இடத்தில் இருந்த அகராதியையும் எடுத்துக்கொண்டு, எல்லாரும் படிக்கும்படி கிடந்த யூனிக்ஸ் கடவுச்சொல் கோப்பை ஊகித்தே உடைத்தது. யூனிக்ஸோடு வந்த நிரலைவிடப் பல மடங்கு வேகமாக அதே உருமாற்றத்தைச் செய்யும் நிரல் அதற்குள் இருந்தது. அதை எழுதியவர் ராபர்ட் டாப்பன் மாரிஸ், 1979 கட்டுரையாளர் மாரிசின் மகன். தகப்பன் கட்டிய தாமதத்தைக் கரைக்க மகனுக்கு ஒன்பது ஆண்டுகளும் நல்ல நிரலாக்கமும் போதுமாயின. 1998 ஜூலையில் எலக்ட்ரானிக் ஃப்ரன்டியர் ஃபவுண்டேஷன் இரண்டரை லட்சம் டாலருக்கும் குறைவான செலவில் கட்டிய இயந்திரம், 56 மணி நேரத்தில் ஒரு டி.இ.எஸ். சாவியையே தேடிக் கண்டுபிடித்தது. இதற்கு நடுவே, 1994-ல் ஃப்ரீபி.எஸ்.டி.க்காகப் பௌல்-ஹென்னிங் கேம்ப் எழுதிய நிரல் எம்.டி.5 ஹேஷை 1,000 முறை சுழற்றியது. நிரல் எதற்கும் மிக வேகமாக ஓடிவிடக் கூடாது என்பதற்காக இந்தச் சுற்று என்றும், 60 மெகாஹெர்ட்ஸ் பென்டியத்தில் இதற்கு 34 மில்லிநொடி ஆகிறது என்றும் நிரலுக்குள்ளேயே அவர் குறிப்பு எழுதியிருந்தார். எண்ணோடு அது எந்தக் காலத்து எண் என்பதையும் சேர்த்து எழுதிவைத்தது நேர்மையான செயல். ஆனால் அதைப் பயன்படுத்தியவர்கள் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு காலத்தை விட்டுவிட்டார்கள். 2012-ல் கேம்பே முன்வந்து, இனி இது பாதுகாப்பானதல்ல, கைவிடுங்கள் என்று அறிவிக்க வேண்டியிருந்தது.

எண்ணை நிரலுக்கு வெளியே எடுத்ததுதான் உண்மையான திருப்பம். 1997-ல் கெல்சி, ஷ்னையர், ஹால், வாக்னர் ஆகிய நால்வரும் பலவீனமான ரகசியத்தை நீட்டிச் சாவியாக்கும் இந்த உத்தியை முறையாக ஆராய்ந்து எழுதினார்கள். 1999-ல் ஓபன்பி.எஸ்.டி.யைச் சேர்ந்த நீல்ஸ் ப்ரோவோசும் டேவிட் மசியேரும் கொண்டுவந்த பிகிரிப்ட், செலவு எண் என்ற ஒன்றைச் சேமித்த உருவுக்குள்ளேயே எழுதிவைத்தது. அந்த எண்ணில் ஒன்று கூட்டினால் வேலை இரட்டிப்பாகும். தொடங்கும்போது சாதாரணப் பயனருக்கு 6, நிர்வாகிக்கு 8 என்று வைத்தார்கள். கணினி வேகமெடுத்தால் கூட்டிக்கொள்ளலாம். 2000-ல் ஆர்.எஃப்.சி. 2898 ஆவணம் பி.பி.கே.டி.எஃப்.2 முறையை வகுத்து, குறைந்தது 1,000 சுற்று என்று பரிந்துரைத்தது. இது வெறும் சரிபார்ப்புக்கு மட்டுமானது அல்ல, கடவுச்சொல்லிலிருந்து நேராகக் குறியாக்கச் சாவியை வடிப்பதற்கானது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தொடக்க மாணவர்கள் தவறவிடும் இடம். இணையதளத்தின் நுழைவாயிலில் மூன்று முறை தவறினால் கணக்கைப் பூட்டிவிடலாம். திருட்டுப்போன மடிக்கணினியில் குறியாக்கம் செய்த வட்டு இருந்தால் அங்கே பூட்ட யார் இருக்கிறார்கள்? திருடன் தன் வீட்டில் உட்கார்ந்து, தன் இயந்திரத்தில், தன் வசதிக்கு முயன்றுகொண்டிருப்பான். அவனுக்குத் தடையாக மிஞ்சுவது சாவி வடிக்கும் கணக்கின் கனம் ஒன்றுதான்.

எண் வெளியே வந்துவிட்டதால் பிரச்சினை தீர்ந்ததா என்றால், இல்லை. மாற்றலாம் என்ற வசதி இருப்பது ஒன்று, மாற்றும் பழக்கம் இருப்பது வேறு. வீட்டு வைஃபையில் கடவுச்சொல்லைச் சாவியாக்க டபிள்யு.பி.ஏ. முறை 4,096 சுற்று என்று தீர்மானித்தது. 2018-ல் டபிள்யு.பி.ஏ.3 அறிவிக்கப்பட்டு வேறு வழிமுறை வரும்வரை அந்த எண் நகரவே இல்லை. கடவுச்சொல் பெட்டகம் நடத்தும் லாஸ்ட்பாஸ் நிறுவனம் 2018-ல் தன் இயல்பான அளவை ஒரு லட்சத்துக்கு மேல் உயர்த்தியது. ஆனால் பழைய வாடிக்கையாளர் பலருக்கு அது தானாக உயரவில்லை. 2022-ல் பெட்டகங்களின் பிரதிகள் களவுபோனபோது, சில கணக்குகள் 5,000 சுற்றிலும் அதற்குக் கீழேயும் நின்றுகொண்டிருந்தது தெரியவந்தது. இதே பி.பி.கே.டி.எஃப்.2 முறையை எஸ்.எச்.ஏ.-256 ஹேஷோடு பயன்படுத்துவோருக்கு ஓவாஸ்ப் அமைப்பு 2023-ல் சொன்ன அளவு ஆறு லட்சம் சுற்று. இருபத்துமூன்று ஆண்டுகளில் 600 மடங்கு. 1,000 என்று எழுதியவர்கள் தவறு செய்யவில்லை. அதை அப்படியே விட்டுவைத்தவர்கள்தான் தவறு செய்தார்கள்.

இன்னொரு பக்கம், சுற்றைக் கூட்டுவதால் மட்டும் ஆகாது என்பதும் தெரிந்தது. 2012 ஜூனில் லிங்க்டின் தளத்திலிருந்து கசிந்த 65 லட்சம் உருக்கள் எஸ்.எச்.ஏ.-1 ஹேஷில் ஒரே ஒரு சுற்றுப் போட்டவை, சால்ட்டும் இல்லை. 1979-ல் சொன்ன இரண்டு மருந்துகளையும் முப்பத்துமூன்று ஆண்டுகள் கழித்து ஒரு பெருநிறுவனம் உட்கொள்ளவில்லை. அதே காலத்தில் விளையாட்டுக்கு வாங்கும் கிராஃபிக்ஸ் அட்டைகளில் ஆயிரக்கணக்கான சிறு கணிப்பான்கள் ஒரே நேரத்தில் இயங்கத் தொடங்கியிருந்தன. ஒற்றை ஹேஷ் என்றால் அவை நொடிக்குக் கோடிக்கணக்கில் முயலும். வீட்டுக்காரரின் சாதாரணக் கணினி ஒரு வழியில் மெதுவாகக் கணக்குப் போட, திருடனின் அட்டை ஆயிரம் வழியில் போடுமானால் தாமதத்தின் பாரம் நேர்மையானவர் தலையிலேயே அதிகம் விழுகிறது. காலின் பெர்சிவல் 2009-ல் வெளியிட்ட எஸ்கிரிப்ட் இந்த ஏற்றத்தாழ்வைக் குறிவைத்தது. கணக்குக்கு நேரத்தோடு நினைவகமும் தாராளமாக வேண்டும்படி செய்தால், சிறு கணிப்பான் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே நினைவகம் வாங்கிக் கொடுப்பது திருடனுக்குக் கட்டுப்படியாகாது. 2013 முதல் 2015 வரை நடந்த கடவுச்சொல் ஹேஷ் போட்டியில் லக்சம்பர்க் பல்கலைக்கழகத்தின் பிர்யுகோவ், டினு, கோவ்ரடோவிச் மூவரின் ஆர்கான்2 வென்றது. 2021-ல் வந்த ஆர்.எஃப்.சி. 9106 அதற்கு இரண்டு அளவுகளைப் பரிந்துரைக்கிறது: வசதி இருந்தால் 2 ஜி.பி. நினைவகத்தில் ஒரு சுற்று, இல்லாவிட்டால் 64 எம்.பி.யில் மூன்று சுற்று.

இவ்வளவு பாடு எதற்கு, நல்ல கடவுச்சொல்லாக வைக்கச் சொல்லி மக்களுக்குப் பழக்கிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். பழக்கிப் பார்த்தார்கள். பெரிய எழுத்து, எண், சிறப்புக்குறி என்ற விதிகளை 2000-களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தரநிலை நிறுவனத்தின் ஆவணம் பரப்பியது. மக்கள் முதலெழுத்தைப் பெரிதாக்கி, கடைசியில் 1-ம் ஆச்சரியக்குறியும் போட்டு விதியை நிறைவேற்றினார்கள். திருடர்களும் தங்கள் நிரலில் அதே வரிசையை எழுதிக்கொண்டார்கள். 2017-ல் அதே நிறுவனம் அந்த விதிகளைக் கைவிட்டு, நீளத்தைப் பாருங்கள், கசிந்த சொற்களைத் தடுங்கள் என்று மாறியது. இது பொதுமக்களின் அசட்டை மட்டுமல்ல. இரண்டாம் உலகப்போரில் உயிர்போகும் நிலையிலும் ஜெர்மனியின் எனிக்மா குறியாக்கக் கருவியை இயக்கியவர்கள் சிலர், எழுத்துப் பலகையில் அடுத்தடுத்து இருக்கும் எழுத்துகளையும் பெண்களின் பெயர்களையும் அமைப்பெழுத்தாகத் தேர்ந்து, பிரிட்டனின் பிளெட்ச்லி பூங்காவில் இருந்த குறியீட்டு உடைப்பாளர்களுக்கு வழிவிட்டார்கள். குருட்டாம்போக்கில் தேர்வது மனித மனத்துக்குக் கைவராத வேலை. ஆகவே, பயனர் திருந்துவார் என்று காத்திராமல் அமைப்பே சுமையில் ஒரு பங்கை ஏற்கும் வழிதான் பொறுப்பானது.

இதைவிடக் கூர்மையான மறுப்பு ஒன்று உண்டு. ஆறு லட்சம் சுற்று என்பது கேட்கப் பெரிதாக இருந்தாலும், திருடனின் வேலையை ஆறு லட்சத்தால் பெருக்குகிறது, அவ்வளவுதான். 26-ஐ நான்கு முறை பெருக்கினாலே 4,56,976 வந்துவிடும். ஆக, இத்தனை ஆராய்ச்சியும் சேர்ந்து, குருட்டாம்போக்கில் தேர்ந்த நான்கு எழுத்துகளைக் கூடச் சேர்த்ததற்குத்தான் சமம். இந்தக் கணக்கு முற்றிலும் சரி, மறைக்கவும் கூடாது. 123456 என்று வைத்தவரை ஆறு கோடி சுற்றும் காப்பாற்றாது. அது திருடனின் முதல் ஊகத்திலேயே இருக்கிறது. பெருக்க ஏதாவது இருந்தால்தான் பெருக்கல் பயன்தரும். பெல் ஆய்வகக்காரர்களே இதற்குச் சாட்சி. பழைய பி.எஸ்.டி. மூலநிரலோடு சேர்ந்து பாதுகாக்கப்பட்ட ஒரு கடவுச்சொல் கோப்பில் யூனிக்ஸ் முன்னோடிகள் பலரின் உருக்கள் இருந்தன. ஷெல் நிரலை எழுதிய ஸ்டீஃபன் போர்ன் தம் குடும்பப் பெயரையே வைத்திருந்தார். டெனிஸ் ரிட்சி வைத்தது நான்கே எழுத்து. இவையெல்லாம் எளிதில் உடைந்தன. கென் தாம்ப்சனுடையதோ 2019 அக்டோபர் வரை தாக்குப்பிடித்து, ஒரு கிராஃபிக்ஸ் அட்டை நான்கு நாளுக்கு மேல் ஓடிய பிறகே அகப்பட்டது. சதுரங்கத்தில் ராணியின் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தும் தொடக்க நகர்வைப் பழைய குறியீட்டு முறையில் எழுதி, ஆச்சரியக்குறியோடு முடித்த எட்டு எழுத்து அது. எல்லாருக்கும் அதே 25 சுற்றுதான். நாற்பது ஆண்டு வித்தியாசம் கடவுச்சொல்லிலிருந்து வந்தது. ஆனாலும் சுற்றுகள் சேர்க்கும் அந்த நான்கு எழுத்துப் பலத்தை யார் தருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். பயனர் ஒன்றும் மனப்பாடம் செய்யாமல், ஒன்றும் மாற்றாமல், நடுத்தரமான கடவுச்சொல் வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் ஒரே நாளில் அது கிடைக்கிறது. முன்னே சொன்ன மூன்றரை நிமிடம் ஏறக்குறைய நான்கு ஆண்டாகிறது. நிமிடங்களில் முடிகிற திருட்டை ஆண்டுகளுக்குத் தள்ளினால், கசிவு தெரிந்து கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ள நேரம் கிடைக்கும்.

மூன்றாவது மறுப்பு, இனி கடவுச்சொல்லே இருக்காது, சாதனங்கள் தாமாக உருவாக்கும் சாவிகள் வந்துவிட்டன என்பது. இயந்திரம் தேர்ந்த ரகசியத்துக்கு நீட்டல் தேவையில்லை என்பது மெய்தான். கிரிப்டோ நாணயப் பணப்பைகளின் 12 சொல் மீட்புத் தொடரில் சுற்று 2,048 மட்டுமே. சொற்களை இயந்திரமே தேர்ந்து 128 பிட் பலம் தந்துவிடுவதால் அது போதுகிறது. மனிதரும் அந்த வழியில் போகலாம். 1995-ல் வந்த டைஸ்வேர் முறைப்படி ஐந்து முறை பகடை உருட்டி 7,776 சொற்களில் ஒன்றைத் தேர்ந்து, அப்படி ஆறு சொற்களைக் கோத்தால் 77 பிட் பலம் கிடைக்கும். ஆனால் அந்தச் சாதனத்தின் வட்டு, சாவிகளைச் சேர்த்துவைத்த பெட்டகம், மேகத்தில் கிடக்கும் காப்புப்பிரதி ஆகியவற்றில் பலவும் இன்னும் ஒரு மனிதர் நினைவில் வைத்த சொல்லால்தான் திறக்கின்றன. கதவுகள் குறையலாம், கடைசிக் கதவு மனித நினைவிடமே இருக்கும். அங்கே தாமதத்துக்கு வேலை உண்டு. லட்சம் பேர் ஒரே நேரத்தில் நுழையும் சேவையில் 2 ஜி.பி. நினைவகம் கட்டுப்படியாகாது என்பதும் நியாயமான குறை. அளவு இடத்துக்கு இடம் மாறுவதற்கும் செலவு எண் வெளியே இருப்பதற்கும் அதுவே காரணம்.

ஆகவே, குறியாக்கம் கற்க வருபவர் தாமாக ஒரு நீட்டல் முறை கண்டுபிடிக்க வேண்டாம். ஆர்கான்2 இருக்கிறது, அது கிடைக்காத இடத்தில் எஸ்கிரிப்ட்டும் பி.பி.கே.டி.எஃப்.2-வும் இருக்கின்றன. ஆளுக்கு ஆள் மாறும் சால்ட், சேமித்த உருவுக்கு அருகிலேயே எழுதிய செலவு எண், அந்த எண்ணை ஆண்டுக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்க ஒரு தேதி, பயனர் அடுத்த முறை நுழையும்போது பழைய உருவைப் புதிய அளவில் மாற்றி எழுதும் நாலு வரி நிரல் ஆகியவை அவருடைய பொறுப்பு. இவற்றில் முதல் இரண்டையும் நிரல் நூலகங்களே செய்துவிடுகின்றன. மற்ற இரண்டைப் பெரும்பாலும் நிரல் எழுதுகிறவர்தான் செய்யவேண்டும்.